மொரிசோவின் ‘தொட்டில்’ படத்தை எண்ணெய் வண்ணத்தில் பிரதி எடுப்பது எப்படி

பிரெஞ்சு ஓவியர் பெர்த் மொரிசோ 1872இல் வரைந்த ‘தொட்டில்’ பெரிய படம் ஒன்றும் இல்லை. உயரம் 56 சென்டிமீட்டர், அகலம் 46 சொச்சம். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடப்பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். வலப்பக்கம் மெல்லிய வலைத்துணி போர்த்திய தொட்டில். உள்ளே குழந்தை தூங்குகிறது. அவ்வளவுதான்.

என்னிடம் வரைய வருபவர்களில் பாதிப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். குடம், எலுமிச்சம்பழம், பித்தளைச் சொம்பு எல்லாம் வரைந்து அலுத்துப்போய், “சார், மனுஷங்களை எப்போ வரையலாம்?” என்று கேட்கும்போது நான் எடுத்து நீட்டும் முதல் படம் இதுதான். முகம் வரையப் பழகலாம் என்று ஆசையாக ஆரம்பிப்பார்கள். இந்தப் படம் அவர்களுக்குக் கற்றுத்தருவது வெள்ளையை. டியூபில் இருக்கும் வெள்ளையை அப்படியே பூசினால் அது சுண்ணாம்பு. துணியாகவும் அதற்குப் பின்னால் தெரியும் குழந்தையாகவும் அதை மாற்றுவதுதான் இங்கே வேலை.

பிரஷ்ஷை எடுப்பதற்கு முன் படத்தில் இருப்பது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் வரைந்தால் ஒரு தப்பு நிச்சயம் நடக்கும், அதைப் பிறகு சொல்கிறேன். உட்கார்ந்திருப்பவள் எட்மா, மொரிசோவின் அக்கா. குழந்தை அவளுடைய மகள் பிளான்ஷ். அக்காவும் தங்கையும் சேர்ந்தே ஓவியம் கற்றவர்கள். லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழைய படங்களைப் பார்த்துப் பிரதி எடுத்திருக்கிறார்கள், ஓவியர் கொரோவிடம் பாடம் கேட்டிருக்கிறார்கள், பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சியான சலோனில் இருவர் படங்களும் தொங்கியிருக்கின்றன. தங்கை ஈசல் (கேன்வாஸை நிறுத்தி வரையும் தாங்கி) முன் நிற்பதை எட்மா வரைந்த படம் ஒன்றும் இருக்கிறது, நல்ல படம். 1869இல் எட்மா ஒரு கடற்படை அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டு லோரியான் துறைமுகத்துக்குப் போனாள். தொழிலாக வரைவது அத்தோடு நின்றது. உன் ஸ்டூடியோவுக்கு ஒரு கால் மணி நேரமாவது ஓடி வந்துவிடத் தோன்றுகிறது என்று தங்கைக்குக் கடிதம் எழுதினாள். மூன்று வருஷம் கழித்து, வரைவதை விடாத தங்கை, விட்டுவிட்ட அக்காவை உட்காரவைத்து வரைந்த படம் இது.

இதை மனதில் வைத்துக்கொண்டு எட்மாவின் முகத்தைப் பாருங்கள். அவள் சிரிக்கவில்லை. உதடு மூடியிருக்கிறது, இமை தாழ்ந்திருக்கிறது. அன்பா, களைப்பா, வேறு ஏதோ யோசனையா என்று ஒன்றைச் சொல்லி முடித்துவிட முடியாத முகம். பிரதி எடுப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் உதட்டோரத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி ஒரு புன்னகையைக் கொடுத்துவிடுகிறார்கள். தாய் என்றால் சிரிக்க வேண்டும் என்று கை தானாகவே போய்விடும். அந்த நிமிஷமே படம் பால்பவுடர் விளம்பரமாகிவிடும். முன்னால் சொன்ன தப்பு இதுதான்.

சரி, பொருட்களுக்கு வருவோம்.

மூலப் படத்தின் நீள அகல விகிதம் கிட்டத்தட்ட 6க்கு 5. அதனால் 12க்கு 10 அங்குல கேன்வாஸ் சரியாகப் பொருந்தும். 24க்கு 20ம் பொருந்தும். கடையில் அதிகம் கிடைக்கும் 20க்கு 16 பொருந்தாது, பக்கவாட்டில் வெட்டுப்படும். என் சிபாரிசு 18க்கு 15 அங்குலம். பிரேம் கடையில் சட்டம் அடித்துத் தரச் சொன்னால் தருவார்கள். 12க்கு 10இல் வலைத்துணியை வீசி இழுக்க பிரஷ்ஷுக்கு இடம் போதாது, 24க்கு 20 பழகுபவரைப் பயமுறுத்தும். இன்னொரு காரணமும் உண்டு: பிரதி மூலத்தின் அளவில் இருக்கக்கூடாது என்பது லூவ்ரில் உட்கார்ந்து பிரதி எடுப்பவர்களுக்கு இன்றும் உள்ள விதி. நம்மை யாரும் வந்து அளக்கப்போவதில்லை என்றாலும் அது நல்ல பழக்கம்.

வண்ணங்கள் குறைவாகவே இருக்கட்டும். டைட்டானியம் ஒயிட், எல்லோ ஓக்கர், ரா அம்பர், பர்ன்ட் சியன்னா, காட்மியம் ரெட் லைட், அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரைன், ஐவரி பிளாக். அலிசரினில் ‘பெர்மனன்ட்’ என்று போட்டிருப்பதை வாங்குங்கள், பழைய வகை வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். மொரிசோ காலத்து ஓவியர்களின் முக்கிய வெள்ளை ஈய வெள்ளை. அது விஷம், நமக்கு வேண்டாம். டைட்டானியம் அதைவிடக் குளிர்ந்த, முரட்டு வெள்ளை. எதன்மேல் பூசினாலும் மூடிவிடும். அதனால் இந்தப் படத்தில் எங்கேயும் அதைத் தனியாகப் பூசாதீர்கள், ஊசிமுனை அளவாவது ஓக்கர் சேருங்கள். ஒளி ஊடுருவும் வெள்ளை வேண்டும் என்று சிலர் ஜிங்க் ஒயிட்டைத் தேடிப் போகிறார்கள். ஆனால் ஜிங்க் நாளாக நாளாக நொறுங்கும் குணமுள்ளது. டைட்டானியத்தையே மெல்லியதாக இழுக்கப் பழகினால் அது தேவைப்படாது.

பன்றிமயிர் பிரஷ் தட்டையாக மூன்று, மென்மையான உருண்டை பிரஷ் ஒன்று. வண்ணத்தை நீர்க்கவைக்க டர்பன்டைன், கலக்க லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்). நிறையப் பழைய பனியன் துணி.

பார்த்து வரைய நல்ல நகல் வேண்டும். மொரிசோ 1895இல் இறந்துவிட்டார், படத்துக்குக் காப்புரிமைத் தொல்லை இல்லை. அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் உள்ள படத்தையே பயன்படுத்துங்கள். இணையத்தில் சுற்றும் மற்ற நகல்களில் பாதி நீலம் ஏறியவை, மீதி மஞ்சள் ஏறியவை. டேப்லட்டில் வைத்துப் பார்ப்பதானால் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிடுங்கள். திரை வீசுகிற வெளிச்சத்தை எந்த வெள்ளைப் பெயின்ட்டும் எட்டிப் பிடிக்காது.

இனிப் படத்தின் எலும்புக்கூடு. நகலைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பத்து நிமிஷம் பாருங்கள். தாயும் பிள்ளையும் மறைந்துபோய் முக்கோணங்கள் தெரியும். எட்மாவின் இடக்கை மடங்கி முகத்தைத் தாங்குகிறது. வலைக்குள் குழந்தையின் கையும் அதேபோல மடங்கியிருக்கிறது. தாயின் கண்ணிலிருந்து குழந்தையின் மூடிய கண்ணுக்கு ஒரு நூலைப் பிடித்தால் படத்தின் குறுக்கே சரிவாக இறங்கும். பின்னாலுள்ள திரைச்சீலையும் அந்தச் சரிவுக்கே ஒத்து ஊதுகிறது. இந்தச் சாய்கோடு தவறினால் மற்ற எதைச் சரிசெய்தும் பயனில்லை.

அப்புறம் எட்மாவின் இன்னொரு கை. அது தொட்டிலின் ஓரத்தில் வலைத்துணியைப் பிடித்திருக்கிறது. நமக்கும் குழந்தைக்கும் நடுவே துணியை இழுத்துவிடுகிறாள். அவள் மட்டும் குழந்தையை நேராகப் பார்க்கலாம், நாம் வலை வழியாகத்தான் பார்க்க வேண்டும். எதை எவ்வளவு தெளிவாக வரைவது என்ற கேள்வி வரும்போதெல்லாம் இந்தக் கையை நினைத்துக்கொள்ளுங்கள். எட்மாவின் முகம் தெளிவு, குழந்தையின் முகம் மங்கல். குழந்தைக்கு இமைமயிர் வரைந்தால் அந்தக் கை செய்த வேலை வீண்.

கேன்வாஸில் ரா அம்பரையும் துளி அல்ட்ராமரைனையும் டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துத் துணியால் தேய்த்துவிடுங்கள். சிமென்ட் தரைபோல ஒரு நடுச்சாம்பல் வர வேண்டும். வெள்ளைக் கேன்வாஸில் வெள்ளைத் துணியை வரைவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது. அடியில் சாம்பல் இருந்தால் ஒவ்வொரு வெள்ளையும் எவ்வளவு வெள்ளை என்று உடனே தெரிந்துவிடும். இது மொரிசோவின் முறை என்று சொல்லவில்லை. பழகுபவருக்கு இதுதான் சௌகரியம்.

மறுநாள் கட்டம். 18க்கு 15 கேன்வாஸில் மூன்று அங்குலக் கட்டம் போட்டால் நீளவாட்டில் ஆறு, அகலவாட்டில் ஐந்து, மிச்சமே இல்லாமல் விழும். நகலிலும் ஆறுக்கு ஐந்து கட்டம். சார்கோலால் பெரிய வடிவங்களை மட்டும் வையுங்கள்: எட்மாவின் தலை, தோள், மடங்கிய கை, தொட்டில், வலை விழும் கோடு. மூக்கு, விரல் நகம் எல்லாம் இப்போது வேண்டாம். முடிந்ததும் துணியால் தட்டிக் கரித்தூளை உதிர்த்துவிட்டு, மிஞ்சிய கோட்டின்மேல் நீர்த்த அம்பரால் ஒருமுறை ஓட்டுங்கள்.

முதலில் இருட்டு. எட்மாவின் உடை, கழுத்தைச் சுற்றிய கறுப்பு ரிப்பன், கூந்தல், அவளுக்குப் பின்னாலுள்ள நிழல். ஐவரி பிளாக்கை அப்படியே வைத்தால் படத்தில் ஓட்டை விழுந்ததுபோல இருக்கும். உடைக்கு அல்ட்ராமரைனும், கூந்தலுக்கு பர்ன்ட் சியன்னாவும் கலந்துகொள்ளுங்கள். ரிப்பன் மட்டும் கிட்டத்தட்டச் சுத்தக் கறுப்பாக இருக்கட்டும். முழுப் படத்திலும் மிகக் கறுப்பான இடம் அதுதான் என்று வைத்துக்கொண்டால் மற்ற இருட்டுகள் தாமாக அடங்கி நிற்கும். இந்த அடுக்கில் எண்ணெய் சேர்க்கக்கூடாது, டர்பன்டைன் மட்டும். கீழடுக்கில் எண்ணெய் குறைவு, மேலடுக்கில் கூடுதல் என்பது எண்ணெய் வண்ணத்தின் பழைய சட்டம். மாற்றிச் செய்தால் மேலே காய்ந்தபிறகு அடியில் இருப்பது நகர்ந்து வெடிப்பு விழும்.

பிறகு குழந்தை. இங்கே நான் சொல்லித்தரும் வழி கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். வலையே இல்லை என்று நினைத்துக்கொண்டு குழந்தையையும் தலையணையையும் முதலில் வரைந்துவிடுங்கள். மொரிசோ வேகக்காரி, ஈரத்தின்மேல் ஈரமாக இழுத்துக்கொண்டே போகும் கை அவருடையது. அந்தக் கை நமக்கு வரும்வரை இரண்டு கட்டமாகப் பிரிப்பதே புத்திசாலித்தனம். குழந்தையின் முகம் ஓக்கர், வெள்ளை, ஊசிமுனை காட்மியம் ரெட். கன்னத்தில் கொஞ்சம் கூடுதல் சிவப்பு வைக்கலாம், மேலே வலை விழும்போது அது தணிந்துவிடும். கண் ஒரே கோடு. உதடு ஒரு புள்ளி. நிறுத்துங்கள்.

இப்போது காய வேண்டும். வெயில் காலத்தில் நாலைந்து நாள், மழைக்காலத்தில் பத்துப் பன்னிரண்டு நாள்கூட ஆகலாம். சுண்டுவிரலால் லேசாகத் தொட்டால் ஒட்டக்கூடாது. ஹேர் டிரையரைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். எண்ணெய் காய்வது தண்ணீர்போல ஆவியாகி அல்ல, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவதால்.

காயும் நாட்களை வீணாக்க வேண்டாம். வீட்டிலுள்ள வெள்ளைக் கொசுவலையை எடுத்து, கறுப்புச் சட்டை ஒன்றின்மேல் போட்டுச் சன்னலோரம் வையுங்கள். ஒரே அடுக்காக இருக்குமிடத்தில் வலை சாம்பல் நீலம். மடிப்பு விழுந்து இரண்டு அடுக்கானால் வெள்ளை ஏறுகிறது. மூன்று நான்கு அடுக்கு சேரும் விளிம்பில்தான் கிட்டத்தட்ட முழு வெள்ளை. அடுத்து அதே வலையை ஆரஞ்சுப் பழத்தின்மேல் போடுங்கள். பழத்தின் நிறம் செத்துப் பால் கலந்ததுபோல ஆகும், நீலம் வராது. மெல்லிய வெள்ளை எதையும் மறைப்பதில்லை. அடியில் இருட்டு இருந்தால் குளிர்கிறது, வெளிச்சம் இருந்தால் மங்குகிறது. இதைக் கண்ணால் பார்த்த பிறகு அந்தத் தொட்டிலை நகலில் மறுபடி பாருங்கள். மொரிசோ நீலம் எங்கே வைத்திருக்கிறார், எங்கே வைக்கவில்லை என்று புரியும்.

அடி காய்ந்ததும் வலை. வெள்ளையில் மிளகளவு ஓக்கரும் அதில் பாதி அல்ட்ராமரைனும் கலந்து, ஒரு சொட்டு லின்சீட் ஆயில் விடுங்கள். தட்டை பிரஷ்ஷில் எடுத்து, எடுத்ததில் முக்கால்வாசியைத் துணியில் துடைத்துவிடுங்கள். பிரஷ் கிட்டத்தட்டக் காலியாக இருக்க வேண்டும். கேன்வாஸுக்குப் படுக்கையாகப் பிடித்து, வலை மேலிருந்து தொங்குகிற திசையிலேயே, அழுத்தாமல் இழுங்கள். கேன்வாஸின் நெசவு மேடுகளில் மட்டும் வெள்ளை ஒட்டும், பள்ளங்களில் அடிநிறம் எட்டிப்பார்க்கும். வலை என்பது அதுதான். நீங்கள் இழை இழையாக வரைய வேண்டியதில்லை, நெசவே வரைந்துகொள்ளும். இருட்டான இடங்களில் பிரஷ் ஓடும்போது நீங்கள் கலந்ததைவிட நீலம் கூடித் தெரியும். தூரத்து மலை நீலமாகத் தெரிகிறதே, அதே கணக்கு. அதனால்தான் டியூப் நீலத்தைக் கஞ்சத்தனமாகப் போடச் சொன்னேன்.

குழந்தையின் முகத்தின்மேல் ஒரே ஒரு இழுப்பு. பிடிக்கவில்லையென்றால் சுத்தமான துணியில் துளி டர்பன்டைன் தொட்டு, மெதுவாகத் துடைத்துவிட்டு மறுபடி ஒரே இழுப்பு. அடி நன்றாகக் காய்ந்திருந்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. பொறுமையாகக் காயவிட்டதன் பலன் இங்கேதான் கிடைக்கும். முன்னும் பின்னும் தேய்த்தீர்களென்றால் வலை கண்ணாடித்தாள் ஆகிவிடும்.

மடிப்புகளுக்கு அந்த வெள்ளையையே கொஞ்சம் கெட்டியாக எடுத்து, எல்லா மடிப்பையும் அல்ல, எடுப்பாகத் தெரியும் சிலவற்றை மட்டும் வையுங்கள். துணியோரத்தில் ஓடும் இளஞ்சிவப்புக்கு வெள்ளையில் அலிசரின் ஒரு நூல். இந்த இளஞ்சிவப்பை எல்லோருமே மிட்டாய் ஆக்குவார்கள். பக்கத்திலுள்ள சாம்பல் அதைத் தூக்கிக் காட்டும், நீங்கள் தூக்க வேண்டாம்.

எட்மாவின் முகம் கடைசி. படத்தின் எல்லா வெள்ளையும் எல்லாக் கறுப்பும் வந்தபிறகு தோல்நிறத்தைக் கலந்தால் பாதிச் சண்டை குறையும். வலைக்கும் உடைக்கும் நடுவே அந்த நிறம் எங்கே நிற்க வேண்டும் என்று படமே காட்டும். வெளிச்சப் பக்கத்துக்கு ஓக்கர், வெள்ளை, துளி சிவப்பு. நிழலுக்கு அதிலேயே ரா அம்பரும் மிகக் கொஞ்சம் அல்ட்ராமரைனும். இமையை ஒரே வளைவாகப் போட்டுவிட்டு அதைத் தொடாதீர்கள். வாய்க்கு உதட்டுக்கோட்டை வரையவே வேண்டாம்: மேலுதட்டை இருட்டாகவும் கீழுதட்டை வெளிச்சமாகவும் வைத்தால் கோடு தானாகப் பிறக்கும். உதட்டோரம் மேலே ஏறுகிறதா என்று பார்க்கக் கேன்வாஸைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். ஏறியிருந்தால் இரக்கமே இல்லாமல் இறக்கிவிடுங்கள். வலையைப் பிடித்த விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒரு கொத்தாக வைத்து, நடுவில் இரண்டு நிழல்கோடு போட்டால் போதும்.

எல்லாம் முடிந்தபிறகும் ஏதோ குறைகிறது என்று தோன்றி, கை அரிக்கும். அப்போது மூன்று நாள் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுங்கள். மொரிசோ இந்தப் படத்தை 1874 ஏப்ரலில், புகைப்படக்காரர் நடாரின் பழைய ஸ்டூடியோவில் நடந்த கண்காட்சியில் வைத்தார். பின்னாளில் இம்ப்ரெஷனிஸ்ட்டுகள் என்று பெயர் வாங்கிய கூட்டத்தின் முதல் கண்காட்சி அது, அதில் கலந்துகொண்ட ஒரே பெண் ஓவியர் அவர்தான். மோனே, ரெனுவார், தெகா எல்லோரும் இருந்த அந்த இடத்தில் இதை யாரும் வாங்கவில்லை. வீட்டுக்கே திரும்பி, எட்மாவின் குடும்பத்திலேயே இருந்தது. 1930இல்தான் லூவ்ர் வாங்கியது. உங்கள் பிரதியை முதல் நாள் பார்த்துவிட்டு வீட்டில் யாராவது “இன்னும் முடியலையா?” என்று கேட்டால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பனியன் துணிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. லின்சீட் ஆயில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். மிகைப்படுத்தவில்லை, உண்மையிலேயே பிடிக்கும். விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூழ்கவைத்து மூடுங்கள். டர்பன்டைன் புழங்கும் அறையில் சன்னல் திறந்தே இருக்கட்டும், குழந்தைகள் தூங்கும் அறையாக அது இருக்க வேண்டாம்.

வார்னிஷ் உடனே அடிக்கக்கூடாது, குறைந்தது ஆறு மாதம் போகட்டும். அதுவரை கண்ணாடி போடாமல் தூசி படாத சுவரில் மாட்டலாம். அலமாரிக்குள் பூட்டி வைத்தால் மஞ்சளிக்கும், வெள்ளை அதிகமுள்ள இந்தப் படத்தில் அது பளிச்சென்று தெரியும். முன்பக்கம் மொரிசோவின் பெயரை எழுதாதீர்கள். கேன்வாஸைத் திருப்பி, சட்டத்தின்மேல் பென்சிலால் ‘பெர்த் மொரிசோவின் தொட்டில், பிரதி’ என்று எழுதி, உங்கள் பெயரும் வருஷமும் போடுங்கள்.